304 என்ற எண்: ஒரு டெல்டா கிரீன் தொடராட்டத்தின் நிகழ்வு ஆய்வு

எட்டாவது அமர்வின் இரவில், பத்தரை மணி வாக்கில், நான் ஒரு தொலைபேசி இணைப்பைத் துண்டித்தேன். ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பேசியும் பகடை உருட்டியும் ஆடும் கதையாட்டம் இது; நான் துண்டித்தது கதைக்குள் இருந்த தொலைபேசியைத்தான். மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் கிரீன் பேங்க் என்ற சிற்றூர். அங்கே ஒரு மோட்டலின் வரவேற்பு மேசையிலிருந்து எஃப்.பி.ஐ. ஏஜெண்ட் தன் அலுவலகத்தை அழைத்துக் கூடுதல் ஆட்களைக் கேட்க முனைந்தாள். "ரிசீவரை எடுக்கிறீர்கள். டயல் டோன் இல்லை. லைன் செத்துக் கிடக்கிறது" என்றேன். மேசையைச் சுற்றி இருந்த நால்வரும் பேசவில்லை. அந்த ஏஜெண்டை ஆடிய தோழி, கையிலிருந்த பகடைகளை எவர்சில்வர் டம்ளருக்குள் போட்டுவிட்டு நிதானமாகக் கேட்டார்: "அரை மணி நேரத்துக்கு முன்னால் இதே போனில்தானே நான் அப்பாவிடம் பேசினேன்?"

என்னிடம் பதில் இல்லை. அன்றைய ஆட்டம் அத்துடன் முடிந்தது.

பதினான்கு மாதங்களில் 19 அமர்வுகள் ஆடிய தொடராட்டம் இது. எட்டாவது அமர்வில் நான் செய்த தவறும், அதைத் திருத்தியபோது ஆட்டத்துக்குள் நிகழ்ந்தவையுமே இந்த ஆய்வின் பொருள். அரசு ஏஜெண்டுகளை வைத்துப் பிரபஞ்சத் திகில் ஆட்டம், அதாவது மனித அறிவுக்கு எட்டாத சக்திகளைப் பற்றிய திகில் ஆட்டம் நடத்த நினைக்கும் எவரும் ஒருநாள் அந்தத் தொலைபேசியின் முன்னால் வந்து நிற்பார்கள் என்று நம்புகிறேன்.

ஆட்டத்தைப் பற்றி

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரபஞ்சத் திகிலை மேசை விளையாட்டாக்கிய முதல் பெரிய முயற்சி, 1981இல் சாண்டி பீட்டர்சன் வடிவமைத்து கேயோசியம் நிறுவனம் வெளியிட்ட 'கால் ஆஃப் கதுல்ஹு'. டெல்டா கிரீன் 1990களில் அதன் கிளையாகத் தொடங்கியது. 1997இல் பேகன் பப்ளிஷிங் அதைத் தனிப் புத்தகமாகக் கொண்டுவந்தது. 2016இல் ஆர்க் டிரீம் வெளியிட்ட ஏஜெண்ட் கையேட்டின் வழியே சொந்த விதிகளுடன் தனி ஆட்டமாக நின்றது. பின்கதையின் வேர் அமெரிக்கத் திகில் எழுத்தாளர் எச். பி. லவ்கிராஃப்டின் ஒரு கதையில் இருக்கிறது. 1928 பிப்ரவரியில் இன்ஸ்மவுத் என்ற கற்பனைத் துறைமுக ஊரில் அமெரிக்க அரசு நடத்தும் சோதனையுடன் தொடங்கும் கதை அது. அந்தச் சோதனையில் அரசு எதைக் கண்டது, கண்டதை எப்படி மறைத்தது, மறைப்பதற்கென்றே டெல்டா கிரீன் என்ற ஓர் அமைப்பு எப்படி உருவானது என்று ஆட்டம் அதை நீட்டிக்கொண்டு போகிறது. கம்போடியாவில் நடந்த ஒரு பேரழிவுக்குப் பிறகு 1970இல் அந்த அமைப்பு கலைக்கப்பட்டுவிட்டதாகவும், கலைந்த பிறகும் ஆட்கள் சட்டத்துக்குப் புறம்பாக வேலையைத் தொடர்வதாகவும் பின்கதை சொல்கிறது.

பழைய ஆட்டத்தில் கதாபாத்திரங்கள் பெரும்பாலும் பேராசிரியர்கள், பத்திரிகையாளர்கள், நூல் சேகரிப்பாளர்கள். கண்டதைப் போலீசில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அந்த இயலாமையிலேயே பாதித் திகில் வந்துவிடும். டெல்டா கிரீனில் வந்து நிற்பதே போலீஸ். இடுப்பில் துப்பாக்கி, கையில் அடையாள அட்டை, கேட்டால் கிடைக்கும் வாரண்ட், நாடு முழுவதற்குமான குற்றத் தரவுத்தளம் எல்லாம் அவர்களிடம் உண்டு. அப்புறம் பயம் எங்கிருந்து வரும்? ஹேண்ட்லர்கள், அதாவது ஆட்டத்தை நடத்துபவர்கள், இதற்கு வழக்கமாகக் கைக்கொள்ளும் வழி அதிகாரத்தைப் பிடுங்குவது. பாலம் இடிந்து விழும், பனி பாதையை மூடும், போன் செத்துப்போகும். நானும் அந்த வழியில்தான் போனேன்.

மேசை

நான்கு பேர். எஃப்.பி.ஐ. ஏஜெண்ட், தப்பியோடியவர்களைப் பிடிக்கும் டெபுடி மார்ஷல், அட்லாண்டாவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யைச் சேர்ந்த தொற்றுநோய் ஆய்வாளர், சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையில் நச்சுக் கழிவு நிபுணர். கடைசியாகச் சொன்னவரை ஆடியவருக்குப் பாதி ஞாயிறுகளில் பணி இருந்ததால் அந்தப் பாத்திரத்தைப் பற்றி இங்கே அதிகம் வராது.

ஆடத் தொடங்கும் முன்பு ஒரு மாலை முழுக்கப் பேசினோம். குழந்தைகளுக்குத் தீங்கு நேரும் காட்சிகள் வேண்டாம் என்று ஒருவர் கேட்டார். அந்தக் கோடு கடைசிவரை தாண்டப்படவில்லை. ஆட்டத்தைத் தமிழில் நடத்துவது என்று முடிவெடுத்ததும் அன்றுதான். அமெரிக்க அதிகாரிகள் தமிழ் பேசினால் ஒட்டுமா என்ற தயக்கம் எனக்கு இருந்தது. ஒட்டியது மட்டுமல்ல, ஆங்கிலத்தில் கிடைக்காத ஒரு கருவியையும் கொடுத்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

விதிகளில் மூன்று எண்களை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் இந்த ஆய்வைப் படித்துவிடலாம். எஃப்.பி.ஐ. ஏஜெண்டின் ஆற்றல் மதிப்பு 12. அதை ஐந்தால் பெருக்கினால் அவளுடைய மனநிதானம் 60. அதிலிருந்து 12 கழித்தால் முறிவுப்புள்ளி 48. மனநிதானம் அந்த எண்ணைத் தொடும் நாளில் நிரந்தரமான மனக்கோளாறு ஒன்று வந்து சேரும். மூன்றாவது எண் பந்தம். ஒவ்வொரு ஏஜெண்டுக்கும் நெருங்கிய மனிதர்கள் சிலர் உண்டு. அவர்களுடனான உறவின் வலுவை ஓர் எண் குறிக்கும். இவளுடைய வசீகர மதிப்பு 11 என்பதால் மூன்று பந்தங்களும் 11இல் தொடங்கின: விவாகரத்தான கணவன், கல்லூரித் தோழி, பென்சில்வேனியாவின் ஈரி நகரத்தில் தனியாக வாழும் அப்பா.

இந்த ஆட்டத்தின் ஆன்மாவாக நான் கருதும் விதி இதுதான்: பயங்கரத்தைக் கண்டு மனநிதானத்தை இழக்கும்போது, அந்த இழப்பில் ஒரு பகுதியைப் பந்தத்தின் மேல் தள்ளிவிடலாம். நான்கு பக்கப் பகடையை உருட்ட வேண்டும். விழும் எண் அளவுக்கு மனவுறுதி என்ற இன்னொரு இருப்பிலிருந்து செலவாகும், இழப்பு அதே அளவு குறையும், பந்தமும் அதே அளவு குறையும். ஏஜெண்ட் தப்பிப்பாள். வீட்டில் இருக்கும் யாரோ ஒருவர் காரணம் தெரியாமல் அதற்கு விலை கொடுப்பார்.

கிரீன் பேங்க்

முதல் நடவடிக்கை ஓஹியோவில் ஒரு வாடகைக் கிடங்கில் நடந்தது. நான்கு அமர்வுகள், சாதாரணமாகப் போயின. இரண்டாவதுக்குக் கிரீன் பேங்கைத் தேர்ந்தெடுத்தேன். இப்படி ஓர் ஊரைக் கற்பனையில் படைத்திருந்தால் ஆட்டக்காரர்கள் நம்பியிருக்க மாட்டார்கள்.

போகஹான்டஸ் கவுண்டியின் மலைகளுக்கு நடுவில் இருக்கிறது கிரீன் பேங்க். அதைச் சூழ்ந்து 1958 முதல் தேசிய வானொலி அமைதி மண்டலம் அமைந்திருக்கிறது. ஏறக்குறைய 13,000 சதுர மைல் பரப்பில் வானொலி ஒலிபரப்புகளுக்குக் கட்டுப்பாடு. விண்ணிலிருந்து வரும் மெல்லிய வானொலி அலைகளைத் தொலைநோக்கி பிடிக்க வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. தொலைநோக்கியை நெருங்க நெருங்கக் கட்டுப்பாடு இறுகும். செல்போன் கோபுரம் கிடையாது. பெட்ரோல் எஞ்சின்களின் தீப்பொறியே வானொலி இரைச்சலை உண்டாக்கும் என்பதால் தொலைநோக்கியின் அருகே டீசல் வண்டிகளை ஓட்டுகிறார்கள். இப்போது அங்கே நிற்கும் தொலைநோக்கியின் கிண்ணம் நூறு மீட்டர் அகலம், 2000இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் நின்ற முன்னூறு அடித் தொலைநோக்கி, 1988 நவம்பர் 15 இரவில், தாங்கு தகடு ஒன்று முறிந்ததால் சரிந்து விழுந்தது. யாருக்கும் காயம் இல்லை. 1960இல் வேற்று விண்மீன்களிலிருந்து அறிவுள்ள உயிர்களின் சமிக்ஞை வருகிறதா என்று முதன்முதலில் காதுகொடுத்துக் கேட்டதும் இங்கேதான். மின்காந்த அலைகள் தங்கள் உடலை வாட்டுவதாக உணர்கிறவர்கள் பிற மாநிலங்களிலிருந்து இங்கே குடியேறுகிறார்கள்.

இவை எல்லாம் உண்மை. நான் சேர்த்த கற்பனை ஒன்றே ஒன்று: அந்த அமைதியில் ஏதோ ஒன்று உறங்கிக்கொண்டிருக்கிறது, அதை எழுப்புவது மனிதக் குரலைச் சுமந்த வானொலி அலை.

கதையில், அலைகளுக்கு அஞ்சிக் குடியேறிய மூன்று பேர் ஒரே மாதத்தில் தங்கள் வீடுகளில் இறந்துகிடந்தார்கள். உள்ளூர் கொலை எஃப்.பி.ஐ.யின் வேலை இல்லை. அது கவுண்டியின் காவல்தலைவரான ஷெரிஃபின் வேலை. மாநில சுகாதாரத் துறை அழைக்காமல் சி.டி.சி. அங்கே போய் நிற்கவும் முடியாது. ஆகவே தொற்றுநோய் ஆய்வாளர் சொந்த விடுப்பில் வந்திருந்தார். ஷெரிஃப் அவரைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி: "விடுப்பில் வந்தவர் கழுத்தில் அடையாள அட்டை எதற்கு?" இது நான் திட்டமிட்டதில்லை, உண்மையான நடைமுறையைப் படித்திருந்ததால் அந்த நேரத்தில் நாவில் வந்தது. அரசு அலுவலகம் எப்படி இயங்குகிறது என்று தெரிந்துகொள்வதுதான் ஹேண்ட்லருக்குப் பெரிய முதலீடு என்று அன்று எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை.

எட்டாவது அமர்வு

செல்போன் வேலை செய்யாத ஊர் என்பதால் வீட்டுக்குப் பேச வேண்டுமென்றால் மோட்டல் வரவேற்பறைத் தொலைபேசிதான். எஃப்.பி.ஐ. ஏஜெண்ட் அப்பாவை அழைத்தாள். அடுத்த வாரம் அவருக்கு இடுப்பு மூட்டு அறுவை சிகிச்சை. உடன் இருப்பதாக வாக்குக் கொடுத்திருந்தாள். போக முடியாது என்று இப்போது சொல்ல வேண்டும். வர்ஜீனியாவின் குவான்டிகோவில் திடீர்ப் பயிற்சி வகுப்பு என்று பொய் சொன்னாள். அப்பாவாக நான் பேசினேன்.

அப்போது மார்ஷலை ஆடிய நண்பர் குறுக்கிட்டார். "அவருடைய வீட்டுப் போனில் எந்த நம்பர் தெரியும்?"

ஒரு கணம் யோசித்தேன். மேற்கு வர்ஜீனியாவின் தொலைபேசிக் குறியீடு 304. குவான்டிகோவின் குறியீடு அது கிடையாது. "304 என்று தொடங்கும் எண் தெரியும்" என்றேன். தோழியின் முகம் மாறியது. அப்பா சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "குவான்டிகோவில் குளிர் அதிகமா அம்மா?" என்று மட்டும் கேட்டார். "ஆமாம் அப்பா. நீங்கள் மாத்திரையை மறக்காதீர்கள்" என்று சொல்லி அவள் ரிசீவரை வைத்தாள்.

அந்த இரவின் மிக நல்ல காட்சி அது. அதற்கு அரை மணி நேரம் கழித்துத்தான் நான் லைனை அறுத்தேன். கிளார்க்ஸ்பர்க் அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்துவிட்டால் என் கதை சிதறிவிடும் என்று பயந்தேன். ஆறு பேர் துப்பாக்கியோடு வந்து நின்றால் திகிலுக்காக நான் மலைச்சரிவில் வைத்திருந்த வீடு இனி யாரைப் பயமுறுத்தும்?

பிழையின் வடிவத்தை இப்போது தெளிவாகப் பார்க்க முடிகிறது. ஆட்டக்காரர்கள் ஏற்ற பாத்திரத்தின் மையமே அரசு அதிகாரம். அதைத் தேவைப்படும் நேரத்தில் நான் பறித்தால், அவர்கள் உண்மையில் ஏஜெண்டுகளாக இருந்ததே இல்லை என்று ஆகிவிடும். அதைவிட மோசம், அப்பாவுடன் பேசிய தொலைபேசி உண்மையாக இருந்தது. அதே தொலைபேசியை நான் பொய்யாக்கியபோது, அந்த அப்பாவும் சேர்ந்து பொய்யாகிப்போனார்.

மறு வாரம் நால்வரிடமும் மன்னிப்புக் கேட்டேன். காட்சியை ரிசீவரை எடுக்கும் இடத்துக்குத் திருப்பிவைத்தோம். டயல் டோன் வந்தது. கிளார்க்ஸ்பர்க் எடுத்தது. ஆட்கள் புறப்பட்டார்கள்.

வந்தவர்கள்

கிளார்க்ஸ்பர்க்கிலிருந்து மலைப்பாதையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த இரண்டு மணி நேரத்தில் மேசையில் உற்சாகம் கரைபுரண்டது. வரைபடம் விரித்தார்கள், யார் எந்தக் கதவு என்று பிரித்துக்கொண்டார்கள். ஆறு பேர் வந்து இறங்கினார்கள். தொழில்முறையில் தேர்ந்தவர்கள், நல்லவர்கள். ஒவ்வொருவர் தோளிலும் வாக்கி-டாக்கி.

அந்த ஒரு வாக்கியத்தை நான் சொன்னபோது சி.டி.சி. ஆய்வாளரை ஆடியவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அவருக்கு மட்டும் புரிந்திருந்தது. இறந்த மூவர் வீட்டிலும் குழந்தைகளின் அறையைக் கண்காணிக்கும் பழைய கருவியோ சிறிய வானொலிப் பெட்டியோ இருந்ததை அவர்தான் முன்பு குறித்துவைத்திருந்தார். "ரேடியோவை அணைக்கச் சொல்லுங்கள், ரேடியோவை அணைக்கச் சொல்லுங்கள்" என்று கத்தினார். ஆனால் வந்தவர்களுக்கு அவர் யார்? விடுப்பில் இருக்கும் ஒரு டாக்டர். அவர்கள் உள்ளே போய்விட்டார்கள்.

எதையும் காட்டவில்லை. புல்லின் மேல் கிடந்த ஒரு வாக்கி-டாக்கியை மட்டும் வர்ணித்தேன். அதன் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. யாரோ பொத்தானை அழுத்திப் பிடித்திருப்பதைப் போல. பக்கத்தில் யாரும் இல்லை. அதிலிருந்து, வண்டியில் ஏறியதிலிருந்து அந்த ஆறு பேரும் அலையில் பேசிய ஒவ்வொரு சொல்லும் வரிசை மாறாமல் திரும்ப வந்தது. எல்லாம் ஒரே குரலில். நகைச்சுவைக்குச் சொன்னதும், வழி கேட்டதும், கடைசியில் வந்த அலறலும் ஒரே குரலில், ஒரே வேகத்தில்.

எட்டுப் பக்கப் பகடையில் எஃப்.பி.ஐ. ஏஜெண்டுக்கு 7 விழுந்தது. ஒரே வீச்சில் ஐந்தோ அதற்கு மேலோ இழந்தால் நிலைகுலைவு; ஓடுவது, மூர்க்கமாகத் தாக்குவது, உறைந்து கிடப்பது இவற்றில் ஒன்று. தோழி அப்பாவின் மேல் தள்ளினார். நான்கு பக்கப் பகடையில் 4. மனநிதானம் மூன்று மட்டும் குறைந்து 57 ஆனது. அப்பாவுடனான பந்தம் 11லிருந்து 7.

ஆறு பேரில் இருவர் திரும்பவில்லை.

அதிகாலையில் ஷெரிஃப் வந்தார். நான் முன்பு சொன்ன மொழிக் கருவி இதுதான். இரண்டு அமர்வுகளாக அவர் ஏஜெண்டை "நீங்கள்" என்றே விளித்து வந்தார். மாநிலத்துக்கு வெளியிலிருந்து வந்த அதிகாரிக்கு ஒரு கிராமப்புறக் காவல்தலைவர் தரும் அளவான மரியாதை. இப்போது தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நீ கூப்பிட்டதால் வந்தவர்கள். அவர்களுடைய வீட்டுக்கு நீயே போன் செய்." நீங்கள் நீயாகச் சுருங்கிய அந்த இடத்தில் தோழி கண்களைத் தாழ்த்திக்கொண்டார். ஆங்கிலத்தில் இதற்கு எத்தனை வாக்கியம் தேவைப்பட்டிருக்கும் என்று இன்றும் யோசிக்கிறேன்.

தடப் புத்தகம்

அந்த வாரம் இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி அதற்குத் தடப் புத்தகம் என்று பெயர் வைத்தேன். ஏஜெண்டுகள் அரசு அதிகாரத்தைப் பயன்படுத்தும் ஒவ்வொரு தடவையும் அதில் ஒரு வரி. என்.சி.ஐ.சி. என்ற தேசியக் குற்றத் தகவல் மையத்தில் ஒருவருடைய பெயரைத் தேடினால், தேடியவர் யார், எப்போது தேடினார் என்ற பதிவு அங்கே இருக்கும். சாட்சியை விசாரித்தால் எஃப்.பி.ஐ. ஏஜெண்ட் 302 என்ற படிவத்தில் அறிக்கை எழுத வேண்டும். துப்பாக்கி வெடித்தால் உள் விசாரணை. அரசுக் கடன் அட்டையில் மோட்டல் அறை போட்டால் பில். வாடகைக் காருக்கு மைல் கணக்கு. அரசு அலுவலகத்தில் ஒருநாளாவது வேலை பார்த்தவருக்கு இதெல்லாம் விளக்கத் தேவையில்லை. கோப்பு ஒருமுறை பிறந்துவிட்டால் அதற்குச் சாவு கிடையாது.

இனி எந்தக் கதவையும் நான் மூடவில்லை. அடையாள அட்டையை நீட்டினால் கதவு திறக்கும். நான் பேனாவை எடுத்து ஒரு வரி எழுதுவேன். எழுதியது என்ன என்று கேட்டால் சொல்லிவிடுவேன், ஒளிக்கவில்லை. மூன்று அமர்வுகளுக்குள் ஆட்டக்காரர்களே தயங்க ஆரம்பித்தார்கள். "அந்தப் பெயரைச் சிஸ்டத்தில் போட வேண்டாம், நேரில் போய்க் கேட்கலாம்" என்று மார்ஷல் சொன்னபோது, நான் இரண்டு நடவடிக்கைகளாகப் பாலங்களை இடித்து அடைய முயன்றது இதைத்தானே என்று தோன்றியது.

கிரீன் பேங்குக்காக மட்டும், பின்னோக்கி எழுதியதில், 23 வரிகள் சேர்ந்தன. அவற்றை வைத்து உள் விசாரணையை ஓட்டினேன். விசாரணை மூன்று அமர்வுகள் நீண்டது. பேயும் கிடையாது, பிசாசும் கிடையாது. ஒரு ஜன்னலில்லாத அறை, குடிநீர் பாட்டில், இரண்டு அதிகாரிகள், அச்சடித்த தாள்கள். "பன்னிரண்டாம் தேதி மாலை 4.10க்கு இந்த மூன்று பெயர்களை ஏன் தேடினீர்கள்? உங்கள் கையில் இருந்த எந்த வழக்குக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லையே?" ஒவ்வொரு பதிலும் அடுத்த பொய்யைக் கேட்டது. தொடராட்டம் முழுவதிலும் மேசை இவ்வளவு அமைதியாக இருந்தது அந்த மூன்று இரவுகளில்தான். இரண்டு பேர் ஏன் இறந்தார்கள் என்ற உண்மையைச் சொன்னால் பைத்தியம் என்பார்கள்; சொல்லாவிட்டால் கொலைகாரி என்பார்கள். அதே வாரத்தில் அவள் அந்த இரு வீடுகளுக்கும் போக வேண்டியிருந்தது. அங்கே நேர்ந்த இழப்பையும் தோழி அப்பாவின் மேல்தான் தள்ளினார். மறுபடியும் 4. பந்தம் 3.

பதினோராவது அமர்வில், ஈரியில் ஒரு தொலைபேசி ஒலித்தது. விசாரணை அதிகாரி அப்பாவை அழைத்திருந்தார். அந்த இரவு மகள் எங்கிருந்து பேசினாள்? தோழியால் இந்தக் காட்சியில் எதுவும் செய்ய முடியாது. அவருடைய பாத்திரம் அங்கே இல்லை. கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். அப்பா சொன்னார்: "குவான்டிகோவிலிருந்து. பயிற்சி என்றாள். நம்பரும் அங்கேயுள்ளதுதான், நான் பார்த்தேன்."

தோழி என்னைப் பார்த்து, "அவருக்குத்தான் தெரியுமே" என்றார். தெரியும்.

வீட்டுக் காட்சிகள்

விதிப்படி, இரண்டு நடவடிக்கைகளுக்கு நடுவே ஒவ்வொரு ஏஜெண்டும் சொந்த வாழ்க்கையில் ஒரே ஒரு காரியத்தைத் தேர்ந்தெடுக்கலாம். குடும்பக் கடமையைக் கவனிக்கலாம், மனநல ஆலோசனைக்குப் போகலாம், பயிற்சி எடுக்கலாம், வழக்கையே பிடித்துத் தொங்கலாம். முதலில் இதை நாங்கள் பகடையை உருட்டிக் கணக்கை எழுதிவிட்டுத் தாண்டிப்போனோம். ஐந்து நிமிட வேலை. கிரீன் பேங்குக்குப் பிறகு ஆளுக்கு இருபது நிமிடம் ஒதுக்கினேன். மற்ற ஆட்டக்காரர்கள் அந்தக் குடும்பத்தாராக ஆடினார்கள். மார்ஷலின் மனைவியாகச் சி.டி.சி.க்காரர் பேசியதைக் கேட்டபோது, பந்தம் என்பது வெறும் எண்ணாக இருந்த நாட்களை நினைத்து வருந்தினேன்.

அந்த மார்ஷலைப் பற்றி ஒரு வார்த்தை. வன்முறையால் மனநிதானம் இழக்க நேரும்போதெல்லாம் பாத்திரத் தாளில் உள்ள ஒரு கட்டத்தில் குறியிட வேண்டும். மூன்று கட்டங்களும் நிரம்பினால் ஏஜெண்ட் வன்முறைக்குப் பழகிவிடுவார். இனி அதனால் இழப்பில்லை. மூன்றாவது கட்டத்தில் குறியிட்டபோது நண்பர் மகிழ்ந்தார். அடுத்த வரியைப் படிக்கச் சொன்னேன். பழகிப்போனதற்கு விலையாக வசீகரத்தில் ஆறு பக்கப் பகடை அளவுக்கு நிரந்தர இழப்பு, எல்லாப் பந்தங்களிலும் அதே அளவு. 5 விழுந்தது. அடுத்த வீட்டுக் காட்சியில் மனைவி சமையலறையில் ஒரு கண்ணாடிக் குவளையைக் கீழே போட்டு உடைத்தாள். கை அறுந்து ரத்தம் கொட்டியது. நண்பர், யாரும் சொல்லாமலே, "நான் டிவி பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை விதிப்புத்தகத்தால் எழுத முடியாது. ஆனால் அதை எழுத வைத்தது விதிப்புத்தகம்தான்.

மூன்றாவது நடவடிக்கை பென்சில்வேனியாவின் சென்ட்ரேலியாவில். 1962இலிருந்து நிலத்தடி நிலக்கரி எரிந்துகொண்டிருக்கும், மக்கள் ஏறக்குறைய முழுதும் வெளியேறிவிட்ட ஊர். இடம் அருமை, நடத்தியது சுமார். புகை வரும் தரையிலிருந்து உருவங்களைக் கிளப்பினேன், சண்டை வந்தது, துப்பாக்கிகள் வெடித்தன. உருவங்களை நான் நிறைய வர்ணித்தேன், பயம் குறைந்தது. இதைப் பற்றிச் சொல்ல வேறெதுவும் இல்லை. அந்த நடவடிக்கையில்தான் எஃப்.பி.ஐ. ஏஜெண்டின் மனநிதானம் 38க்கு இறங்கி முறிவுப்புள்ளியைக் கடந்தது. புதிய முறிவுப்புள்ளி 26. கல்லூரித் தோழியுடனான பந்தமும் முன்னாள் கணவனுடனான பந்தமும் பூஜ்யத்தில் நின்றன. மிஞ்சியது அப்பாவின் 3.

பத்தொன்பதாவது அமர்வு

மறுபடியும் கிரீன் பேங்க். நான் திட்டமிடவில்லை, ஆட்டக்காரர்கள் கேட்டார்கள். திரும்பாத இருவரின் குரல் ஒரு பண்ணை வீட்டின் வானொலியில் கேட்பதாகத் தகவல். இந்த முறை அவர்கள் கொண்டுபோனவை காகிதம், பென்சில், டீசல் வண்டி. துப்பாக்கி இருந்தது, அடையாள அட்டையை யாரும் நீட்டவில்லை. தடப் புத்தகத்தில் அந்த நடவடிக்கைக்கு மூன்றே வரிகள்.

பண்ணை வீட்டின் மாடியில் ஒரு பழைய வானொலிப் பெட்டி இருந்தது. அதைச் செருகியிருக்கவில்லை; மின்கம்பி சுவரோரம் சுருண்டு கிடந்தது. ஆனாலும் முள் ஒளிர்ந்தது. ஒரே குரல், ஒரே வேகம். மலைமேல் இறந்தவர்கள் பேசியது முடிந்ததும் மோட்டல் வரவேற்பறையில் அவள் பேசியது வந்தது. கம்பி வழியே போன பேச்சு அது. அலையில் ஏறவே இல்லை. "ஆமாம் அப்பா. நீங்கள் மாத்திரையை மறக்காதீர்கள்." அதைத் தொடர்ந்து, அவள் ரிசீவரை வைத்த பிறகு அப்பா தன் வீட்டில் தனக்குள் சொல்லிக்கொண்டது வந்தது. "304" என்றார். பிறகு இன்னொரு முறை, "304."

மனநிதானம் அப்போது 31. பகடையில் 6 விழுந்தது. முழுதாக ஏற்றால் 25. முறிவுப்புள்ளிக்கும் கீழே, அத்துடன் நிலைகுலைவு. மனவுறுதி 5 மீதமிருந்தது. நான்கு பக்கப் பகடையில் 2 விழுந்தாலே நிலைகுலைவிலிருந்து தப்பிவிடலாம். அப்பாவின் 3ஐத் தொட வேண்டும், அவ்வளவுதான். மார்ஷலும் ஆய்வாளரும் தள்ளச் சொன்னார்கள். அவள் விழுந்தால் அவர்களும் அந்த மாடியிலிருந்து இறங்க முடியாது.

தோழி நான்கு பக்கப் பகடையை எடுத்தார். சிறிது நேரம் விரல்களுக்கிடையில் உருட்டிப் பார்த்தார். பிறகு அதை எவர்சில்வர் டம்ளருக்குள் மெதுவாக வைத்துவிட்டு, ரப்பரால் 31ஐ அழித்து 25 என்று எழுதினார். "உறைந்து கிடக்கிறேன்" என்றார்.

தடப் புத்தகத்தில் எழுத எதுவும் இல்லாததால் மூடிவைத்தேன்.